போர்ட் ஃபார்வர்டிங் திறக்க மறுக்கிறதா? கோளாறைப் படிப்படியாகப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

போர்ட் ஃபார்வர்டிங் என்பது, ரூட்டரின் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு (போர்ட்) வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் இருக்கும் சர்வருக்கு அனுப்பச் சொல்லும் விதி. ரூட்டரில் விதி எழுதியாயிற்று, சேவ் செய்தாயிற்று, ரூட்டரை இரண்டு தடவை ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் போர்ட் இன்னும் மூடியே கிடக்கிறது. இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் அதே விதிப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அதையே அழித்து அழித்து எழுதுகிறார்கள். கோளாறோ வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும்.

வெளியிலிருந்து கிளம்பும் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) உங்கள் சர்வரைச் சேர ஐந்து வாசல்களைத் தாண்ட வேண்டும்: இணைய நிறுவனத்தின் நெட்வொர்க், ரூட்டரின் வெளி முகவரி, ஃபார்வர்டிங் விதி, சாதனத்தின் ஃபயர்வால் (வருவதை வடிகட்டும் காவல்), கடைசியாக அந்த மென்பொருள். எந்த வாசல் சாத்தியிருந்தாலும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: திறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வாசலையும் தனித்தனியே தட்டிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றே: ரூட்டர் 192.168.1.1, சர்வர் 192.168.1.50, போர்ட் 8443, புரோட்டோகால் (தரவு அனுப்பும் முறை) டிசிபி. யுடிபி என்பது இன்னொரு முறை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட்டரின் முழு உரிமையுள்ள அட்மின் கடவுச்சொல் வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிகள் சிலவற்றில், ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கணக்குக்குக் குறைந்த உரிமைதான் உண்டு. அந்தக் கணக்கில் நுழைந்தால் ஃபார்வர்டிங் பக்கமே மெனுவில் தெரியாது. "என் ரூட்டரில் அந்த வசதியே இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மொபைல் டேட்டா உள்ள ஒரு ஃபோன் வேண்டும். வெளியிலிருந்து சோதிக்க அதுதான் எளிய வழி.

அதே வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினி வேண்டும். சர்வரிலிருந்தே சர்வரைச் சோதிப்பது எதையும் நிரூபிக்காது.

உங்கள் மென்பொருள் எந்தப் போர்ட்டை, டிசிபியிலா யுடிபியிலா பயன்படுத்துகிறது என்பதை அதன் ஆவணத்தில் பார்த்து எழுதி வையுங்கள். ஊகிக்க வேண்டாம். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 25565 டிசிபி. அதே விளையாட்டின் பெட்ராக் பதிப்பு 19132 யுடிபி. வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழக்கமாக 51820 யுடிபி. எண் சரியாக இருந்து புரோட்டோகால் மாறிப்போனாலும் கதவு திறக்காது.

கடைசியாக, ரூட்டரின் இப்போதைய அமைப்புகளை பேக்கப் எடுத்து வையுங்கள். கண்டதை மாற்றிப் பார்த்து இணையமே போய்விட்டால் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும்.

2. வான் ஐபியை முதலில் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. இரண்டு நிமிட வேலை. மீதி அத்தனை படிகளும் அவசியமா என்பதையே இது சொல்லிவிடும்.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்று ஒரு முகவரி இருக்கும்; ரூட்டருக்கு வெளிப்பக்கத்தில் கிடைத்திருக்கும் முகவரி அது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக் கணினியின் பிரவுசரில், உங்கள் பொது ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் ஐபிவி4 முகவரியையும் (புள்ளியிட்ட நான்கு எண்கள்) குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும்போது கணினியில் விபிஎன் ஓடக் கூடாது. ஓடினால் அதன் முகவரிதான் தெரியும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் 3-ஆம் படிக்குப் போகலாம்.

வேறாக இருந்தால், உங்கள் ரூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவில் முகவரியை மாற்றும் (நேட்) இன்னொரு கருவி இருக்கிறது. வான் ஐபி எந்த வரம்பில் வருகிறது என்று பார்த்தால் அது என்ன என்பது பெரும்பாலும் பிடிபடும்.

192.168 என்று தொடங்கினால், உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் வீட்டுக்குள்ளேயே இருப்பது கிட்டத்தட்ட உறுதி. 10-ஆம் படி உங்களுக்கானது.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை இருந்தால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதுதான் சிஜிநேட். இந்த வரம்பு 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 11-ஆம் படிக்குப் போங்கள்.

10 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரை இருந்தாலோ, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் வேறு பெட்டி எதுவும் இல்லை என்றால் அது நிறுவனத்தின் வேலை.

வான் ஐபி 192.0.0.2 என்று இருந்தால், ஐபிவி4 போக்குவரத்து, புதிய முகவரி முறையான ஐபிவி6-க்குள் சுருட்டப்பட்டுப் போகிறது என்று அர்த்தம். அதற்கும் தீர்வு 11, 12-ஆம் படிகளில்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: 100-இல் தொடங்கும் முகவரியைப் பார்த்து "192.168 இல்லையே, அப்படியானால் பொது முகவரிதான்" என்று நினைத்துக் கடந்துபோவது. இரண்டாவது எண்ணையும் பாருங்கள். 64-க்கும் 127-க்கும் இடையில் இருந்தால் அது பொது முகவரி இல்லை.

3. மென்பொருள் உண்மையில் காத்திருக்கிறதா?

சர்வர் கணினியிலேயே இதைப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ மூன்று தேர்வுகளோடும் ஓட்டுங்கள். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை டி, யு, எல், என், பி தேர்வுகளோடு ஓட்டுங்கள். நிரலின் பெயரும் தெரிய வேண்டும் என்றால் ரூட் உரிமை தேவை.

வரும் பட்டியலில் உங்கள் போர்ட் எண்ணைத் தேடி, அதற்கு முன்னால் என்ன முகவரி நிற்கிறது என்று கவனியுங்கள்.

0.0.0.0:8443 என்றிருந்தால் எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலும் காத்திருக்கிறது. 192.168.1.50:8443 என்றிருந்தால் அந்த ஒரு முகவரியில் மட்டும் காத்திருக்கிறது, அதுவும் போதும்.

127.0.0.1:8443 என்றிருந்தால் அதே கணினியில் ஓடும் நிரல்கள் மட்டும்தான் பேச முடியும். வெளியிலிருந்து வரும் பாக்கெட் கணினி வரை வந்தும் உள்ளே நுழையாது. கணினியிலேயே பிரவுசரில் திறந்து பார்த்துவிட்டு "வேலை செய்கிறதே" என்று ஏமாறுவது இங்கேதான். பல மென்பொருள்கள் பாதுகாப்புக்காக 127.0.0.1-இலேயே தொடங்குகின்றன, அவற்றின் அமைப்புக் கோப்பில் காத்திருக்கும் முகவரியை மாற்றி, மென்பொருளை மறுபடி தொடங்க வேண்டும். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கன்டெய்னரின் போர்ட்டை வெளியே பப்ளிஷ் செய்திருக்கிறீர்களா, எந்த முகவரியில் செய்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியலில் உங்கள் போர்ட்டே இல்லை என்றால் மென்பொருள் ஓடவில்லை, அல்லது வேறு எண்ணில் ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ரூட்டர் பக்கம் போவதில் பயனில்லை.

4. வீட்டுக்குள் இன்னொரு கணினியிலிருந்து

இப்போது இரண்டாவது கணினியிலிருந்து 192.168.1.50-இன் 8443-ஐத் திறந்து பாருங்கள். டிசிபி என்றால் விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளை போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும். லினக்ஸிலும் மேக்கிலும் என்சி கட்டளையை இசட், வி தேர்வுகளோடு ஓட்டினால் போதும்.

இங்கே தோற்றால் சந்தேகம் முதலில் சர்வரின் ஃபயர்வால் மேல் விழ வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பிரைவேட்' அல்லது 'பப்ளிக்' என்று வகைப்படுத்தி வைக்கிறது. மென்பொருளை நிறுவும்போது பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். வீட்டு வைஃபையோ பப்ளிக் என்று பதிவாகியிருக்கும். நெட்வொர்க் வகையைப் பிரைவேட் ஆக்குங்கள். தனியாக ஆன்டிவைரஸ் நிறுவியிருந்தால் அதற்கென்று சொந்த ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

இரண்டு கணினிகளில் ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இந்தச் சோதனை தோற்கும். கெஸ்ட் வைஃபை சாதனங்களை ஒன்றோடொன்று பேச விடாமல் பிரிப்பதற்காகவே இருப்பது.

ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் பார்ப்பது ஒரு நிமிடச் சோதனைக்கு உதவும். அது அணைந்ததும் வேலை செய்தால் காரணம் தெரிந்துவிட்டது. உடனே மறுபடி போட்டுவிட்டு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் உள்வரும் விதி எழுதுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டுக்குள் வேலை செய்தாலும் ஃபயர்வால் குற்றமற்றது என்று முழுதாக விடுவித்துவிட முடியாது. விண்டோஸ் விதிகளில் ஸ்கோப் என்ற பகுதியில் 'லோக்கல் சப்நெட்' என்று மட்டும் குறித்திருந்தால், 192.168.1-இல் உள்ளவர்களை அது விடும்; வெளி முகவரியிலிருந்து வருபவர்களைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அந்த விதியைத் திறந்து, வெளி முகவரிகளுக்கான இடத்தில் எந்த முகவரியும் வரலாம் என்று இருக்கிறதா பாருங்கள்.

5. சர்வரின் முகவரியை அசையாமல் நிறுத்துங்கள்

விதி 192.168.1.50-ஐச் சுட்டுகிறது. நாளைக்கு ரூட்டர் அந்தக் கணினிக்கு 192.168.1.57 கொடுத்துவிட்டால் விதி காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

நல்ல வழி, ரூட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும்) பகுதியில் அந்தச் சாதனத்தின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) 192.168.1.50-ஐ ரிசர்வ் செய்வது. எழுதியவுடன் அது அமலுக்கு வராது. சாதனத்தின் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்த பிறகுதான் புது முகவரி கிடைக்கும்.

ஒரே கணினியின் வைஃபைக்கும் கேபிளுக்கும் மேக் முகவரி வேறு வேறு. எந்த வழியில் சர்வர் இணைந்திருக்கிறதோ அதன் முகவரியைத்தான் எழுத வேண்டும். ஃபோன்களும் சில கணினிகளும் வைஃபையில் மேக் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்ளும் வசதியோடு வருகின்றன. அந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

ரூட்டரில் ரிசர்வ் செய்ய வசதி இல்லாமல் சாதனத்திலேயே முகவரியைக் கையால் எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, டிஎச்சிபி 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் அதற்கு வெளியே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அதே எண் வேறொரு சாதனத்துக்குப் போய் இரண்டும் மோதும். இரண்டாவது, டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி. அதைத் தவறாக எழுதினாலோ காலியாக விட்டாலோ, வீட்டுக்குள் எல்லாம் சரியாக வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டும் சர்வரை வந்து சேரும். பதில் திரும்பிப் போகத்தான் வழி இருக்காது. கேமரா, என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் இந்தத் தவறு மிக அதிகம், ஏனென்றால் அவற்றில் யாரும் இணையம் பார்ப்பதில்லை. அதனால் கேட்வே தவறு என்பது எளிதில் வெளியே தெரிவதில்லை.

6. விதியைக் கட்டம் கட்டமாக எழுதுவது

இந்தப் பக்கத்துக்கு ஒவ்வொரு ரூட்டரிலும் ஒரு பெயர்: போர்ட் ஃபார்வர்டிங், விர்ச்சுவல் சர்வர், போர்ட் மேப்பிங், நேட் ஃபார்வர்டிங். 'போர்ட் டிரிக்கரிங்' என்பது வேறு. உள்ளிருந்து ஒரு இணைப்பு வெளியே போனால்தான் அது வாசலைத் திறக்கும். சர்வருக்கு அது உதவாது.

எங்கள் எடுத்துக்காட்டில் கட்டங்கள் இப்படி நிரம்பும்.

வெளிப் போர்ட் 8443. உள் போர்ட் 8443. உள் முகவரி 192.168.1.50. புரோட்டோகால் டிசிபி. இவ்வளவுதான், சிக்கல் எல்லாம் மற்ற கட்டங்களில்.

சோர்ஸ் போர்ட் என்று ஒரு கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள், அல்லது எல்லா எண்களும் என்று விடுங்கள். புதியவர்கள் இங்கேயும் 8443 என்று எழுதிவிடுகிறார்கள். வெளியே உள்ள ஃபோன் உங்களிடம் பேச வரும்போது தன் பக்கத்தில் ஏதோ ஒரு தற்காலிக எண்ணை, 51734 போல ஒன்றை, எடுத்துக்கொள்ளும். சோர்ஸ் 8443 ஆக இருந்தால்தான் விடுவேன் என்று விதி சொன்னால் யாருமே உள்ளே வர முடியாது. சோர்ஸ் ஐபி, ரிமோட் ஹோஸ்ட் என்ற கட்டங்களுக்கும் இதே பேச்சுதான்: குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் திறக்கிறீர்கள் என்றாலொழிய காலியாக விடுங்கள்.

வான் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபைபர் பெட்டிகளில் ஒரே கம்பிக்குள் பல இணைப்புகள் இருக்கும்: நிறுவனம் பெட்டியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. கீழிறங்கும் பட்டியலில் முதலில் நிற்பது பலநேரம் டிஆர்069 என்று பெயருள்ள நிர்வாக இணைப்பாக இருக்கும். விதி அதோடு ஒட்டிக்கொண்டால், எழுதியதெல்லாம் சரியாக இருந்தும் இணையத்திலிருந்து வரும் எதுவும் அதைத் தொடாது. பெயரில் இன்டர்நெட் என்று வரும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிப் போர்ட்டாக 80, 443, 8080 ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. ரூட்டரின் தொலைநிர்வாகப் பக்கம் அவற்றில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கலாம். வீட்டு இணைப்புகளுக்கு 25, 80, 443, 445 போன்ற எண்களை நிறுவனங்களே தடுத்து வைப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் வெளிப் போர்ட்டை மட்டும் 48443 போன்ற உயரமான எண்ணுக்கு மாற்றுங்கள். உள் போர்ட் அப்படியே இருக்கட்டும். உயர எண்ணில் வேலை செய்து பழைய எண்ணில் செய்யவில்லை என்றால் சர்வரில் குறை இல்லை.

அதே வெளிப் போர்ட்டை யுபிஎன்பி (சாதனங்கள் தாமே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) வழியாக வேறொரு சாதனம் ஏற்கெனவே எடுத்திருக்கிறதா என்று யுபிஎன்பி பட்டியலையும் பாருங்கள். ஒரு வெளிப் போர்ட் ஒரு புரோட்டோகாலில் ஒரே சாதனத்துக்குத்தான் போக முடியும்.

விதியின் அருகில் 'எனேபிள்' டிக் தனியாக இருக்கிறதா, பக்கத்தின் அடியில் 'அப்ளை' என்று தனிப் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேவ் அழுத்தி அப்ளை அழுத்தாமல் விடுவது எளிதில் நடக்கிறது.

7. வெளியே போய்ச் சோதியுங்கள், உண்மையிலேயே வெளியே

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் பொது முகவரியைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரிக்குப் போய் அப்படியே உள்ளே திரும்பும் போக்குவரத்தைக் கையாள ரூட்டருக்கு ஹேர்பின் நேட் என்ற தனித் திறமை வேண்டும். எல்லா ரூட்டரிலும் அது இல்லை. இல்லாத ரூட்டரில், விதி சரியாக இருந்தும் உள்ளிருந்து பார்த்தால் திறக்காது. சில ரூட்டர்களில் அட்மின் பக்கமே திறந்து நிற்கும். அதைப் பார்த்து விதி தவறு என்றோ அட்மின் பக்கம் உலகத்துக்கே தெரிகிறது என்றோ பதற வேண்டாம். வெளியிலிருந்தும் அப்படித்தான் தெரிகிறதா என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபோனில் வைஃபையை அணையுங்கள். மொபைல் டேட்டா மட்டும் ஓடட்டும். ஃபோனில் விபிஎன் வேண்டாம். இப்போது பொது முகவரியோடு 8443-ஐச் சேர்த்துத் திறந்து பாருங்கள்.

போர்ட் சோதிக்கும் இணையதளங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே பார்க்கும். யுடிபி சேவையை அங்கே சோதித்து 'மூடியிருக்கிறது' என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. வயர்கார்டு இன்னும் ஒரு படி மேலே: சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே தராது. அதை அதன் கிளையன்ட் செயலியால்தான் சோதிக்க முடியும்.

சோதிக்கும் நேரத்தில் சர்வர் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போர்ட் திறந்திருப்பது என்பதே அங்கே ஒருவர் பதில் சொல்வதுதான்; ஃபார்வர்டிங் மட்டும் இருந்து மென்பொருள் நின்றிருந்தால் எந்தத் தளமும் 'மூடியது' என்றுதான் சொல்லும்.

உங்கள் மென்பொருள் மேலேயே சந்தேகம் என்றால், பைத்தானோடு வரும் எளிய வெப் சர்வரை அதே போர்ட்டில் தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள். அது வெளியிலிருந்து திறந்தால் பாதை முழுவதும் சரி, கோளாறு மென்பொருளில். காலி ஃபோல்டரிலிருந்து மட்டும் அதை ஓட்டுங்கள், ஏனென்றால் அது நிற்கும் ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் வருபவர்களுக்குப் பட்டியல் போட்டுக் காட்டும்.

8. தோல்வி எந்த வகை?

'திறக்கவில்லை' என்பதில் இரண்டு வகை. இரண்டுக்கும் பொருள் வேறு.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே, ஒரு நொடிக்குள் வந்தால், உங்கள் பாக்கெட் எங்கோ ஒரு சாதனத்தைப் போய்ச் சேர்ந்து, அந்தச் சாதனம் "இங்கே யாரும் இல்லை" என்று ரீசெட் அனுப்பியிருக்கிறது. அந்தச் சாதனம் ரூட்டரா சர்வரா என்று தெரிய ஒரு எளிய வழி: விதியை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். மறுப்பு போய் நேரம் கடந்தது என்று மாறினால், முன்பு பாக்கெட் சர்வர் வரை போய்க்கொண்டிருந்தது. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். மறுப்பு அப்படியே நீடித்தால் பதில் சொன்னது பெரும்பாலும் ரூட்டர்; விதி பொருந்தவே இல்லை, 6-ஆம் படி.

நெடுநேரம் காத்திருந்து நேரம் கடந்தது என்று வந்தால், வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். அது நிறுவனமாக இருக்கலாம், ரூட்டராக இருக்கலாம், சர்வரின் ஃபயர்வாலாக இருக்கலாம், பதில் திரும்பும் வழி தவறியும் இருக்கலாம். இங்கே ஊகம் வேண்டாம். அடுத்த படி விடை சொல்லும்.

9. பாக்கெட்டை நேரில் பாருங்கள்

பலர் இந்தப் படியைக் கடினம் என்று தள்ளி வைக்கிறார்கள். நாள்கணக்கில் விதியை மாற்றி மாற்றி எழுதுவதைவிட இது பத்து நிமிடத்தில் முடியும்.

வந்து போகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் கருவி வேண்டும்: சர்வரில் லினக்ஸ் என்றால் டிசிபிடம்ப், விண்டோஸ் என்றால் வயர்ஷார்க். போர்ட் 8443 என்று மட்டும் வடிகட்டி ஓட விடுங்கள். திரை காலியாக இருக்கும். இப்போது ஃபோனிலிருந்து, மொபைல் டேட்டாவில், ஒரு தடவை தட்டுங்கள். திரையில் நடப்பதைப் பாருங்கள்.

எதுவுமே வரவில்லை: பாக்கெட் சர்வர் வரை வரவில்லை. கோளாறு ரூட்டரிலோ அதற்கும் வெளியிலோ. சர்வரை இனித் தொட வேண்டாம். 2, 6, 10, 11-ஆம் படிகள்.

வெளி முகவரியிலிருந்து சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் வேண்டுகோள்) வருகிறது, ஒரு நொடி, பிறகு இரண்டு நொடி என்று இடைவெளி விட்டு அதே சின் மறுபடி மறுபடி வருகிறது, பதில் எதுவும் கிளம்பவில்லை: சர்வரின் ஃபயர்வால் விழுங்குகிறது. இந்தக் கருவிகள் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். எனவே திரையில் தெரிவதால் ஃபயர்வால் விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 4-ஆம் படியில் சொன்ன ஸ்கோப் விஷயத்தை மறுபடி பாருங்கள்.

சின் வருகிறது, உடனே ரீசெட் போகிறது: அந்தப் போர்ட்டில் மென்பொருள் காத்திருக்கவில்லை.

சின் வருகிறது, சின்-ஆக் (அதற்கான ஏற்புப் பதில்) போகிறது, ஆனால் அடுத்து ஃபோனிலிருந்து எதுவும் வராமல் இரண்டும் திரும்பத் திரும்ப ஓடுகின்றன: பதில் கிளம்புகிறது, ஃபோனைச் சேரவில்லை. கேட்வே வேறு ஒரு ரூட்டரைச் சுட்டுகிறதா பாருங்கள். சின் மட்டும் தெரிந்து ஃபயர்வாலும் அணைந்திருந்தால், சர்வரில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் உள்ளே வந்தது வீட்டு ரூட்டர் வழியாக, பதில் போனது விபிஎன் வழியாக. வேறொரு முகவரியிலிருந்து வரும் அந்தப் பதிலை ஃபோன் ஏற்காது. விபிஎன்னை நிறுத்திச் சோதித்தால் உறுதியாகிவிடும்.

10. வீட்டுக்குள் இரண்டு ரூட்டர்

நிறுவனத்தின் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரூட்டர் ஒன்று. இரண்டும் முகவரி மாற்றினால் அது டபுள் நேட். உங்கள் ரூட்டரில் எழுதிய விதி சரிதான். முதல் பெட்டிக்கு அது தெரியாது.

முதல் வழி, நிறுவனத்தின் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (முகவரி மாற்றாமல் இணைப்பைக் கடத்த மட்டும்) மாற்றுவது. மிகச் சுத்தமான தீர்வு. மாற்றுவதற்கு முன்னால், நிறுவனத்தின் இணைப்பில் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். இனி அவற்றை உங்கள் ரூட்டர்தான் தர வேண்டும். அந்தப் பெட்டியில் தொலைபேசியோ டிவியோ இணைந்திருந்தால் அவை நின்றுபோகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, உங்கள் ரூட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றி, விதியை நிறுவனத்தின் பெட்டியில் எழுதுவது. உங்களுக்கு வேண்டியது நல்ல வைஃபை மட்டும்தான் என்றால் இது போதும். மெஷ் வைஃபை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும்.

மூன்றாவது வழி, இரண்டிலும் எழுதுவது. முதல் பெட்டியில் 8443-ஐ உங்கள் ரூட்டரின் வான் ஐபிக்கும், உங்கள் ரூட்டரில் அதை 192.168.1.50-க்கும் அனுப்புங்கள். ரூட்டரின் வான் ஐபி மாறாமல் இருக்க முதல் பெட்டியில் அதையும் ரிசர்வ் செய்யுங்கள். இரண்டு பெட்டிகளும் 192.168.1 என்ற ஒரே வரம்பைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ரூட்டரின் உள் வரம்பை 192.168.50 போன்று மாற்றுங்கள். மாற்றினால் சர்வரின் ரிசர்வேஷனும் விதியும் புது எண்ணுக்கு மாற வேண்டும்.

11. சிஜிநேட் என்றால்

உங்கள் ரூட்டரில் நீங்கள் என்ன எழுதினாலும் திறக்காது. பொது முகவரி நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது. அங்கே விதி எழுத உங்களுக்கு வழியில்லை. இதை உறுதி செய்த அந்த நிமிடமே ரூட்டர் அமைப்புகளை விட்டுவிடுங்கள்.

நிறுவனத்திடம் பொது ஐபிவி4 முகவரி கேளுங்கள். "ஸ்டேடிக் ஐபி வேண்டும்" என்று மட்டும் கேட்க வேண்டியதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் பொது முகவரி கிடைத்தாலும் போதும், மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளிக்கலாம்.

அது கிடைக்காவிட்டால், சர்வரே உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தும் வழிகள் உண்டு. உங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் என்றால் டெயில்ஸ்கேல் போன்றவை எந்தப் போர்ட்டையும் திறக்காமல் வேலை செய்யும். பொதுமக்கள் பார்க்கும் இணையதளம் என்றால் கிளவுட்ஃபிளேர் டனல் போன்றது, அல்லது பொது முகவரியுள்ள சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றுக்கு வீட்டிலிருந்து வயர்கார்டு இணைப்பு.

12. ஐபிவி6 வழியாக

ஐபிவி6-இல் வீட்டுக்குள் இருக்கும் சாதனத்துக்கே பொது முகவரி கிடைப்பதால் ஃபார்வர்டிங் தேவையில்லை. ஆனால் ரூட்டரின் ஃபயர்வால் உள்வருவதைத் தடுக்கும். ஐபிவி6 ஃபயர்வால் பகுதியில் அந்தச் சாதனத்துக்கும் போர்ட்டுக்கும் அனுமதி எழுத வேண்டும்.

சாதனத்தின் முகவரிகளில் 2 அல்லது 3 என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டைத் தாண்டாது. தற்காலிகம் என்று குறிக்கப்பட்ட முகவரியையும் தவிருங்கள், அது சீக்கிரம் மாறிவிடும். டிஎன்எஸ் பெயரில் சாதனத்தின் முகவரியே இருக்க வேண்டும், ரூட்டருடையது கூடாது. வருபவர் பக்கத்திலும் ஐபிவி6 இருந்தால்தான் இது வேலை செய்யும்.

13. நேற்று வேலை செய்தது, இன்று இல்லை

பொது முகவரி மாறியிருக்கும். டைனமிக் டிஎன்எஸ் காட்டும் முகவரியை இப்போதைய வான் ஐபியோடு ஒப்பிடுங்கள். டபுள் நேட் உள்ள வீட்டில் ரூட்டர் தன் வான் ஐபியையே டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பி, பெயர் 192.168 முகவரியைக் காட்டுவதும் உண்டு. அப்போது முகவரியைப் புதுப்பிக்கும் வேலையைச் சர்வரிலேயே வையுங்கள்.

சர்வரின் உள் முகவரி மாறியிருக்கும்: 5-ஆம் படி. நிறுவனம் உங்களைச் சிஜிநேட்டுக்கு மாற்றியிருக்கும்: 2-ஆம் படி. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ ரூட்டரை மாற்றிய பிறகோ நெட்வொர்க் மறுபடி பப்ளிக் ஆகியிருக்கும்: 4-ஆம் படி.

யுடிபியில் விதியை மாற்றியும் பழைய நடத்தையே தொடர்ந்தால், ரூட்டர் பழைய இணைப்பை நினைவில் வைத்திருக்கிறது. பாக்கெட் வராவிட்டால் அந்த நினைவு அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்களில் அழியும். ஆனால் வயர்கார்டு கிளையன்ட் 25 நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தால் அழியாது. கிளையன்ட்டைச் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள், அல்லது ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

14. திறந்த பிறகு மூட வேண்டியவை

சோதனைக்காக டிஎம்இசட் போட்டிருந்தால் உடனே எடுங்கள். அது அந்தக் கணினியின் எல்லாப் போர்ட்டையும் இணையத்துக்குக் காட்டுகிறது. தற்காலிகப் பைத்தான் சர்வரை நிறுத்துங்கள். அணைத்த ஃபயர்வால் மறுபடி ஓடுகிறதா பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கோப்புப் பகிர்வின் 445, ரூட்டரின் அட்மின் பக்கம், கேமராவின் 554 ஆகியவற்றை நேராகத் திறக்காதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்க ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணை மாற்றி வைப்பதால் அவற்றிடமிருந்து ஒளிந்துவிட முடியாது. இவை வேண்டும் என்றால் வயர்கார்டின் ஒரு யுடிபி போர்ட்டை மட்டும் திறந்து, அதன் வழியே வீட்டுக்குள் வந்து மற்றதைப் பயன்படுத்துங்கள்.

வெளியே திறந்து வைக்கும் மென்பொருளின் இயல்புக் கடவுச்சொல்லை, விதியை எனேபிள் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய சாதனங்களுக்கு எழுதிய விதிகள் பட்டியலில் தங்கியிருந்தால் அழித்துவிடுங்கள். நாளைக்கு அந்த உள் முகவரி வேறொரு சாதனத்துக்குப் போகும்போது, யாருக்கும் தெரியாமல் அதன் கதவு திறந்திருக்கும்.